சமைத்த கைக்குத் திறக்கும் மூடிகள்

மர்ராகேஷுக்குப் போகிறேன், அங்கே எங்கே என்ன சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால், கேட்ட வாய் மூடுவதற்குள் பத்துப் பேர் பதில் சொல்லிவிடுவார்கள்: சதுக்கத்தில் நத்தை சூப் குடி, குழிக்குள் இறக்கி வேகவைத்த ஆட்டைச் சீரகமும் உப்பும் தொட்டுச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை என்றால் கூஸ்கூஸ், மற்ற நாள் என்றால் தாஜின், தாஜின் என்றால் ஸி லார்பியின் கடை, ஸி லார்பியின் கடை என்றால் ஆட்டுக்கறியும் ஸஃபர்ஜல் பழமும். பதில் சொன்ன பத்துப் பேரில் ஒருவர்கூட அதைச் சமைத்தது யார் என்று சொல்ல மாட்டார்கள், கேட்டவர்களும் கேட்க மாட்டார்கள்; இப்படி யாரும் கேட்காமலும் யாரும் சொல்லாமலும் அந்த ஊர் தலைமுறை தலைமுறையாக நன்றாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தது, மூடிகள் திறக்க மறுத்த அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

தாஜின் என்பது சமைத்ததற்கும் பெயர், சமைக்கிற பாத்திரத்துக்கும் பெயர். அகலமான மண்தட்டு, அதன்மேல் புனலைக் கவிழ்த்த மாதிரி ஒரு கூம்பு மூடி. கரி அடுப்பில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்து, மூடிக்குள் ஏறிய ஆவி திரும்ப இறங்கிக் கறியில் விழுந்து, விழுந்தது திரும்ப ஏறி, இப்படி ஏறி இறங்கியே வேகும். வீடுகளில் இதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. கடைகளில்தான் அது நாடகம்: மேஜைக்குக் கொண்டுவந்து வைத்து, ஒரு கணம் நிறுத்தி, சாப்பிட வந்தவர்கள் கைபேசியைத் தூக்கிய பிறகு மூடியைச் சட்டென்று உயர்த்துவார்கள், ஆவி எழும், எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். 'தார் ஸஃபர்ஜல்' என்ற தன் உணவகத்தில் ஸி லார்பி இந்த வேலையைப் பரிசாரகர்களிடம் விடுவதில்லை. ஸி என்றால் ஐயா. அந்த ஐயா தானே மேஜை மேஜையாகப் போய்த் தூக்குவார். பழைய வீடு, நடுமுற்றத்தில் ஒரு ஆரஞ்சு மரம், சுவரில் அவருடைய அம்மாவின் படம், படத்துக்குக் கீழே 'என் தாயின் கைப்பக்குவம்' என்று நாலு மொழியில் எழுதியிருக்கும். அந்த அம்மாள் வாழ்நாளில் அடுப்படிக்குள் போனதே அங்கிருந்த சமையல்காரியைத் திட்டுவதற்காகத்தான் என்பது தெருவுக்கே தெரியும், தெருவே அதை வெளியில் சொல்லாமல் இருந்தது, ஸி லார்பி நல்ல மனிதர் என்பதற்காக. நல்ல மனிதர்தான், அதில் எனக்கும் சந்தேகமில்லை. இந்தக் கதையில் கெட்டவர்கள் யாருமே கிடையாது, அதுதான் பிரச்சினை.

சமைத்தது இத்தோ. மலையடிவாரத்துத் தெம்னாத்திலிருந்து, புருஷன் இறந்த பிறகு, மகள் தூதாவை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள். விடிந்ததும் வந்து, கறியில் இஞ்சியும் மிளகும் குங்குமப்பூவும் பிசைந்து, வெங்காயத்தை மெத்தை மாதிரி அடியில் பரப்பி, பச்சையாகக் கடித்தால் தொண்டையை அடைக்கிற அந்த மஞ்சள் ஸஃபர்ஜல் பழத்தைத் தேனில் வதக்கி மேலே அடுக்கி, தாஜின்களைக் கரியில் வரிசையாக ஏற்றிவிட்டாளானால், பிற்பகல் தொழுகை அழைப்புக்கு முன்னால் தன் அறைக்குப் போய்க் காலை நீட்டிவிடுவாள். முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் முகத்தை அவள் பார்த்ததில்லை. சமையலறைக் கதவிடுக்கு வழியாக வாய்கள் மெல்லுவதை மட்டும் பார்ப்பாள், மென்ற வேகத்தை வைத்து உப்பு சரியா இல்லையா என்று தெரிந்துகொள்வாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஸி லார்பி முதல் மேஜையில் மூடியின் குமிழைப் பிடித்துத் தூக்கினார். மூடியோடு தட்டும் சேர்ந்து வந்தது. சிரித்துக்கொண்டே கீழே வைத்து, திருகினார், இழுத்தார், கத்தி முனையை விட்டுப் பார்த்தார், கத்தி நுழையவில்லை. "பழச்சாறு இறுகிப் பிடிச்சுக்கிச்சு" என்று சாப்பிட வந்தவர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். அங்கே கோழியும் உப்பில் ஊறிய எலுமிச்சையும், அதுவும் வரவில்லை. சுத்தியலைக் கொண்டுவரச் சொன்னார், அடித்ததில் மேஜையின் கால் உடைந்தது, மண்மூடியில் ஒரு கீறல் விழவில்லை. கடைசியில் இரண்டையும் அடுப்படிக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

"எதுக்குத் திரும்ப வந்துச்சு? வேகலையாமா?" என்று கேட்டபடியே இத்தோ இரண்டு விரலால் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள்.

மூடியைத் திரும்பப் போட்டு மேஜைக்குக் கொண்டுபோனால் திரும்பவும் இறுகிக்கொண்டது. மூன்று தடவை போய் வந்த பிறகு, ஸி லார்பி சமையலறை வாசலில் நின்று, தன் வீட்டுக்குள்ளேயே யாரிடமோ அனுமதி கேட்கிறவர் மாதிரிக் கனைத்து, "இத்தோ, கொஞ்சம் வெளியே வந்துட்டுப் போயேன்" என்றார். ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு அவள் முற்றத்துக்கு வந்தாள். வெயிலில் கண் கூசியது. எட்டு மேஜையில் எட்டு மூடியைத் தூக்கிவிட்டு உள்ளே போனாள்.

அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் அப்படித்தான் என்று தெரிந்தது. சமைத்த கைக்குத் திறந்தது, மற்ற கைக்குத் திறக்கவில்லை. ஏன் என்று சில நாள் பேசினார்கள், களிமண் எடுக்கும் ஓடையைக் குற்றம் சொன்னார்கள், பிறகு ஏன் என்பதை விட்டுவிட்டு இனி என்ன செய்வது என்பதைப் பேசத் தொடங்கினார்கள், ஏனென்றால் பசி நேரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. வீடுகளில் பெரிதாக எதுவும் மாறவில்லை. தங்கள் வீட்டில் உண்மையில் சமைப்பது மனைவி இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து வந்துபோகும் விதவை என்று சில கணவர்கள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். குழியில் ஆட்டை இறக்கி வேகவைக்கிற மனிதர், தானே அறுத்துத் தானே தடவித் தானே குழியை மண்ணால் பூசித் தானே உடைப்பவர் என்பதால், ஊரில் ஏதோ நடக்கிறது என்பதே அவருக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. மூடியே இல்லாத நத்தை சூப் வண்டிக்காரர்கள் செழித்தார்கள். ஒரு கல்லூரியில் 'மூடியும் மரபும்' என்று கருத்தரங்கு நடத்தினார்கள். மேடையில் பேசியவர்கள் எல்லோரும் ஆண்கள். மதியச் சாப்பாட்டைச் சமைத்துக் கொண்டுவந்த பெண்ணிடம் அழைப்பிதழ் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டதால், பேசியவர்கள் ரொட்டியும் ஆலிவும் தின்றுவிட்டு இரண்டாவது அமர்வுக்குப் போனார்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், மூடிகளும் நியாயமானவை அல்ல. தார் ஸஃபர்ஜலில் பாத்திரம் கழுவிய மஹ்ஜூபாவுக்கு அவை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. கழுவாத தட்டில் எதை வைத்துச் சமைப்பது என்று யாராவது அந்த மூடிகளிடம் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. மஹ்ஜூபா மட்டும் கழுவி முடித்த மூடிகளைக் கவிழ்த்து வைக்கும்போது ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தட்டு தட்டுவாள்.

உணவக முதலாளிகள் சங்கம் கூடியது. முதலில் திரை கட்டினார்கள்: மேஜைக்குப் பக்கத்தில் ஒரு துணி, துணியில் ஒரு கிழிசல், கிழிசல் வழியாகச் சமையல்காரியின் கை மட்டும் வந்து மூடியைத் தூக்கிவிட்டு மறைந்துவிடும், அந்த உயரும் கையைத் தன்னுடையதைப் போலக் காட்டிக்கொண்டு முதலாளி திரைக்கு முன்னால் நிற்பார். ஆனால் வெளியூர்க்காரர்களுக்கு அந்தக் கை பிடித்துப்போனது. இது ஆதிகாலத்துச் சடங்கு, ஆசீர்வதிக்கும் கரம் என்று வழிகாட்டிகள் சொல்லிவைத்தார்கள். பிறகு திரையை எடுத்துவிட்டுச் சமையல்காரிகளுக்குச் சரிகை அங்கியும் வெள்ளி இடுப்புப்பட்டையும் மாட்டி, கையில் மருதாணி இட்டு, மேஜைக்கு மேஜை அழைத்துப்போனார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் கூடியது, சம்பளம் கூடவில்லை, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம்; பிற்பகல் ஓய்வு போய்விட்டது. கடைசி மேஜையின் கடைசி மூடி வரைக்கும் சமைத்தவள் நிற்க வேண்டும். முன்பு அவளை யாருக்கும் தெரியாது, அதனால் போக முடிந்தது. இப்போது எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் போக முடியவில்லை. ஒரு கடையை விட்டுப் போகிற சமையல்காரிக்கு ஊரில் வேறு எந்தக் கடையும் வேலை தரக்கூடாது என்று சங்கம் முடிவு செய்தது, அந்த முடிவுக்கு 'எங்கள் அன்னையரின் கௌரவத்தைக் காத்தல்' என்று பெயரும் வைத்தது.

இத்தோவின் கால் வீங்கியது. "உன்னைத்தான் எல்லாரும் படம் பிடிக்கறாங்க" என்று ஸி லார்பி சந்தோஷமாகச் சொன்னார். "எனக்கு எப்பவும் இது தெரியும், உன் கை பொன்னான கைன்னு."

"பொன்னை யாரும் நிக்க வச்சுப் பார்த்ததில்லை, பெட்டியில வச்சுப் பூட்டுவாங்க" என்றாள் இத்தோ. அதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகியிருக்கிறது என்பதை இரண்டு பேரும் கவனித்தார்கள்.

இதற்கு ஆண்கள் கண்டுபிடித்த பரிகாரம் தன்ஜியா. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மர்ராகேஷ் ஆண்கள் உலகத்தில் எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்: தன்ஜியா பெண்கள் தொடாத, ஆண்களே சமைக்கும் சாப்பாடு. கழுத்து ஒடுங்கிய மண்ஜாடி ஒன்றை எடுத்துக்கொண்டு கசாப்புக்கடைக்குப் போவார்கள். கசாப்புக்காரர் அதில் கறியும் பூண்டும் சீரகமும் ஊறிய எலுமிச்சையும் புளித்த நெய்யும் போட்டு, வாயைக் காகிதத்தால் மூடி நூலால் கட்டிக் கொடுப்பார். அதை ஹம்மாம் என்கிற பொதுக் குளியலறையின் பின்பக்கம் கொண்டுபோனால், தண்ணீர் காய்ச்சும் உலைக்காரர் வாங்கிச் சாம்பலில் புதைத்து, நெருப்பைத் தள்ளியும் இழுத்தும் வேகவைத்து மாலையில் எடுத்துக் கொடுப்பார். அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் நண்பர்களுக்கு நடுவில் வைத்து, "இன்னைக்கு நான் சமைச்சேன்" என்பார்கள். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினார்கள். முதலாளிகளும் அதை நம்பி, தாஜினை ஒதுக்கிவிட்டு மேஜைக்கு மேஜை தன்ஜியா வைத்தார்கள், தோட்டங்களில் வெள்ளிக்கிழமைக் கூட்டங்கள் வழக்கம்போலக் கூடின, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நூலைப் பிடித்து இழுத்தார்கள், எல்லா இடத்திலும் நூல் கம்பியைப் போல நின்றது.

கசாப்புக்காரரைக் கூட்டிவந்தார்கள். அவர் இழுத்ததும் முடிச்சு பாதி தளர்ந்தது, பாதியோடு நின்றது. மீதிப் பாதிக்கு ஹம்மாம் உலைக்காரர் பா ஜிலாலியை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். முடியெல்லாம் சாம்பலோடு அவர் வந்து விரல் வைத்ததும் நூல் தானாக அவிழ்ந்து விழுந்தது. அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பா ஜிலாலி உலைக்கு முன்னால் இருப்பதே இல்லை, தோட்டம் தோட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார், ஹம்மாமில் தண்ணீர் ஆறிப்போனது, தலையில் சோப்பு நுரையோடு பெண்கள் சுவரைத் தட்டி, "எங்கே தொலைஞ்சார் பா ஜிலாலி?" என்று கத்தினால், "நூல் அவுக்கப் போயிருக்கார், லல்லா" என்று பதில் வரும், லல்லா என்றால் அம்மணி.

"சாப்பிட்டுட்டுப் போங்க பா ஜிலாலி" என்று தோட்டங்களில் உபசரித்தார்கள்.

"எனக்குப் பல்லு இல்லைப்பா. என்னை உலைக்குக் கொண்டுபோய் விடுங்க, அங்கே குளிச்சிட்டிருக்கறவங்க என்னைக் கொல்லப்போறாங்க."

அதாவது மூடி எவ்வளவு திறக்கும் என்பது கை எவ்வளவு செய்தது என்பதைப் பொறுத்தது. அப்படியென்றால் முதலாளிகள் அடுப்படிக்குள் போய்ச் சமைத்தால் போதுமே, ஒரு சமையல்காரியையும் நிற்கவைக்க வேண்டாமே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஊரில் யாருக்கும் தோன்றாமல் இல்லை. தோன்றியவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் செய்ய வேண்டியிருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு புதன்கிழமை தூதாவிடமிருந்து இத்தோவுக்குத் தொலைபேசி வந்தது. காலையில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிரசவித்தவளுக்கு மூன்றாம் நாள் ரஃபீஸா போட வேண்டும்: அடுக்கடுக்கான ரொட்டியைப் பிய்த்துத் தாம்பாளத்தில் பரப்பி, வெந்தயத்தோடும் பயறோடும் வேகவைத்த நாட்டுக்கோழியைக் குழம்போடு அதன்மேல் கொட்டுவது, உடம்பு கட்டும், பால் ஊறும். பெற்ற அம்மா இருந்தால் அவள்தான் செய்ய வேண்டும். தூதாவின் கல்யாணத்தன்று இத்தோ தார் ஸஃபர்ஜலில் வேறு யாருடைய கல்யாணத்துக்கோ சமைத்துவிட்டு, தெம்னாத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே இலைதழைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். தூதா அதை ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது தொலைபேசியில், "யார் செஞ்சு குடுத்தாலும் எனக்கு இறங்காது. நீ வந்தாத்தான் சாப்பிடுவேன், வரலைன்னா பட்டினியாவே கிடக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

"பொண்ணு பொறந்திருக்கு, ஸி லார்பி" என்றாள் இத்தோ.

"மப்ரூக், மப்ரூக். அல்லாஹ் நல்ல ஆயுசைக் குடுக்கட்டும். பேர் வச்சாச்சா?"

"பேர் ஏழாம் நாள். மூணாம் நாள் ரஃபீஸா. நான் வெள்ளிக்கிழமை காலைல முதல் பஸ்ஸுக்குப் போகணும்."

ஸி லார்பியின் முகத்திலிருந்த வாழ்த்து அப்படியே நின்றது, கண் மட்டும் மாறியது. "வெள்ளிக்கிழமை தொலைக்காட்சிக்காரங்க வர்றாங்களே. மர்ராகேஷ்ல கட்டாயம் சாப்பிட வேண்டியதுன்னு படம் எடுக்கறாங்க. முப்பது தாஜின். ஊர்ப் பெரிய மனுஷங்க எல்லாம் வர்றாங்க."

"தெரியும்."

"சனிக்கிழமை போ. நானே கார்ல அனுப்பறேன்."

"சனிக்கிழமை நாலாம் நாள்."

"ஒரு நாள்ல என்ன ஆயிடும்?"

"அதையே நீங்க அந்தத் தொலைக்காட்சிக்காரங்ககிட்ட கேளுங்களேன்."

அவருக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. சங்கத்தின் முடிவைப் பற்றி வருத்தத்தோடு நினைவுபடுத்தினார், நான் தனி ஆள் இல்லையே, என் கை கட்டியிருக்கிறதே என்றார். இத்தோ அவருடைய கையைப் பார்த்தாள். மருதாணி இல்லாத, தழும்பு இல்லாத, நகம் வெட்டிய சுத்தமான கை.

"அந்தக் கையை வச்சு ஒண்ணு செய்யலாம்" என்றாள். "வெள்ளிக்கிழமை விடியறப்போ அடுப்படிக்கு வாங்க. என்கூட நின்னு சமைங்க. முப்பதையும் கரியில ஏத்திட்டு நான் பஸ்ஸுக்குப் போறேன். மத்தியானம் நீங்களே திறங்க. சுவத்துல என்ன எழுதியிருக்கோ அதுவும் உண்மையாயிடும்."

"பார்க்கலாம்" என்றார் ஸி லார்பி. வியாழக்கிழமை முழுக்க அடுப்படிப் பக்கமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் இத்தோ கரியை ஊதிக்கொண்டிருக்கும்போது வந்தார். முழங்கை வரை சட்டையைச் சுருட்டியிருந்தார். முதலில், "கதவைச் சாத்து" என்றார்.

"புகை போகாது."

"சாத்து. தெருவுல போறவன் பார்ப்பான்."

"இந்த நேரத்துல தெருவுல போறவன் ரொட்டி சுடறவன். அவன் உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டான், அவனே மாவு பிசையறவன்" என்றாள் மூலையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மஹ்ஜூபா.

கறியைப் பிசையச் சொன்னாள் இத்தோ. குங்குமப்பூ கையில் ஒட்டினால் கேமராவில் மஞ்சளாகத் தெரியும் என்றார். பழத்தை நறுக்கச் சொன்னாள். கத்தி வழுக்குகிறது என்றார், அது உண்மையும்கூட. கடைசியில் வெங்காயத்தை எடுத்தார். ஒன்றை உரித்தார், நீளவாக்கில் வெட்டினார், குறுக்கே வெட்டினார், கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடியது.

"யாரு போயிட்டாங்க, ஸி லார்பி?" என்று கேட்டாள் மஹ்ஜூபா.

அவர் கத்தியைக் கீழே வைத்துக் கையைக் கழுவினார். நறுக்கிய வெங்காயத்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு, இறைவன் பெயரைச் சொல்லி, முப்பது தாஜினிலும் ஒவ்வொரு துண்டாக தன் கையாலேயே போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு இருந்தது, அறுவடை முடித்தவன்கூட அப்படி நிமிர மாட்டான்.

"முடிஞ்சுது" என்றார்.

"ஒரு வெங்காயம்" என்றாள் இத்தோ.

"எல்லாத்துக்கும் அடித்தளம் வெங்காயம்னு நீதானே சொல்வே? அடித்தளம் நான் போட்டாச்சு. அதுக்கு மேல கட்டறது கொத்தன் வேலை."

"கசாப்புக்காரருக்கு நூல் எவ்வளவு அவுந்துச்சுன்னு பார்த்தீங்க இல்லே?"

"அவரு கசாப்புக்காரர், வந்தாரு, போட்டாரு, போனாரு. இது என் அடுப்பு, என் கரி, என் அம்மாவோட பேரு. பாதி எனக்கு ஏற்கெனவே சேர்ந்ததுதான், மீதிப் பாதிக்குத்தான் இன்னைக்கு வெங்காயம்." பிறகு மிகவும் அன்பாக, மனசாரவே, "நீ கிளம்பு. பஸ் போயிடும். தூதாவுக்கு என் சலாம் சொல்லு" என்றார்.

நானாக இருந்தால் அந்த இடத்தில் நின்று வாதாடியிருப்பேன், பஸ்ஸையும் விட்டிருப்பேன். இத்தோ ஒரு தடவை சொன்னதை இரண்டாம் தடவை சொல்லவில்லை. கடகடவென்று கறியைப் பிசைந்து, பழத்தை அடுக்கி, முப்பதையும் கரியில் ஏற்றி, வெள்ளி இடுப்புப்பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மஹ்ஜூபா அதிகாலைச் சந்தையில் வாங்கி வைத்திருந்த நாட்டுக்கோழியைக் காலைக் கட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

மதியம் தார் ஸஃபர்ஜலின் முற்றத்தில் ஸி லார்பி தன் தாயைப் பற்றிப் பேசினார், விடிகாலையில் தான் எழுந்ததைப் பற்றிப் பேசினார், வெங்காயத்தைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார், பேசி முடித்துக் கேமராவைப் பார்த்துக்கொண்டே மூடியைத் தூக்கினார். மூடி ஒரு விரற்கடை உயர்ந்தது. அங்கேயே நின்றது. அந்த இடுக்கு வழியாக ஆட்டுக்கறியும் தேனும் குங்குமப்பூவும் கலந்த ஆவி மெல்லிய நாடாவாக வெளியே வந்து சுருண்டது. அவர் அடுத்ததைத் தூக்கினார், அதுவும் ஒரு விரற்கடை. முப்பதும் ஒரு விரற்கடை. பெரிய மனிதர்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். தொலைக்காட்சிப் பெண், இதை எப்படிச் சாப்பிடுவது என்று மரியாதையாகக் கேட்டாள். ஸி லார்பி ஒரு துண்டு ரொட்டியை எடுத்து, ஆவிக்கு மேலே பிடித்து, நனைந்ததும் வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, "இப்படித்தான்" என்றார். எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

அந்தத் தாஜின்கள் இன்றுவரைக்கும் ஆறவில்லை. அதே முப்பதையும்தான் தினமும் மேஜைக்கு மேஜை வைக்கிறார்கள், உள்ளே கறி அப்படியே இருக்கிறது, இடுக்கு வழியாக ஆவி வந்துகொண்டே இருக்கிறது, ஜனங்கள் வரிசையில் நின்று முன்பதிவு செய்து வந்து ரொட்டியை ஆவியில் காட்டித் தின்றுவிட்டு, இவ்வளவு நுட்பமான சுவையை எங்கேயும் கண்டதில்லை என்று எழுதுகிறார்கள். மர்ராகேஷில் எங்கே என்ன சாப்பிடலாம் என்று கேட்டால் இப்போதும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். வயிறு நிறைந்ததா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். அங்கே இப்போது சமையல்காரி யாரும் இல்லை, தேவைப்படவும் இல்லை. மஹ்ஜூபா மட்டும் இருக்கிறாள், வெறும் ரொட்டித் தட்டுகளைக் கழுவிக்கொண்டு.

பஸ் மலையடிவாரத்தில் ஒரு ஓடையைத் தாண்ட முடியாமல் தண்ணீர் வடியும்வரை நின்றது. இத்தோ பயணிகளிலேயே மிகவும் அமைதியாக இருந்தாள், கோழிதான் எல்லோருக்கும் சேர்த்துக் கத்தியது. தெம்னாத்தில் அவள் இறங்கியபோது பிற்பகல் தொழுகை முடிந்து, வெயில் சுவர்களின் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. தெருமுனையிலேயே வெந்தய வாசனை வந்தது. அந்த வாசனையில் அவள் நடையின் வேகம் குறைந்தது.

சம்பந்தி யாம்னாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் மதியம்வரை காத்திருந்து பார்த்தார்கள். மூன்றாம் நாளை வெறுமனே விட முடியாது என்று பிறகு தாங்களே கோழியை அடித்து, ரொட்டியைச் சுட்டு, எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டார்கள். பெரிய தாம்பாளம் நடுக்கூடத்தில் தாழ்ந்த மேஜைமேல் கோரைக்கூம்பு மூடியோடு இருந்தது. சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தூதா சுவரில் சாய்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, முகம் வெளுத்து, எதையும் தொடாமல் இருந்தாள். அம்மா உள்ளே வந்ததைப் பார்த்தாள். அம்மாவின் கையிலிருந்த உயிருள்ள கோழியையும் பார்த்தாள்.

மூடிகளின் விஷயம் அந்த ஊருக்கும் வந்து வெகுநாளாகியிருந்தது. சமைத்தவர்களே திறந்து சமைத்தவர்களே பரிமாறும் இடமாதலால் அங்கே யாரும் அதை ஒரு விஷயமாகப் பேசியதே இல்லை. இத்தோ கோழியை வாசலில் விட்டுவிட்டு, மகளுக்கு முத்தம் கொடுத்து, குழந்தையின் நெற்றியைத் தொட்டு, உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவளுடைய வலது கை, இத்தனை நாள் பழக்கத்தில், யாரையும் கேட்காமல் நீண்டு மூடியின் குமிழைப் பிடித்தது.

மூடி வரவில்லை.

கோரையால் முடைந்த, குழந்தைகூடத் தூக்கக்கூடிய மூடி. அவள் கை அதன்மேலேயே இருந்தது. தூதா குழந்தையின் துணியைச் சரிசெய்வதைப்போலக் குனிந்துகொண்டாள்.

யாம்னா எழுந்து வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். "கையை எடுங்க, லல்லா இத்தோ" என்றாள் சாதாரணமாக. "இது நாங்க சமைச்சது. உங்களுக்கும் சேர்த்துத்தான்." மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். ஆவி கூரைவரை போனது. கோழியின் தொடைத்துண்டை எடுத்து, தாம்பாளத்தில் தூதாவுக்கு முன்னால் வைத்தாள். இன்னொரு தொடையை இத்தோவுக்கு முன்னால் தள்ளினாள். "சாப்பிடுங்க. அவ உங்களைப் பார்த்துட்டுத்தான் தொடுவா."

இத்தோ தன் மடியிலிருந்த இரண்டு கைகளையும் பார்த்தாள். அவற்றுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. சமைத்த பெண்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கதவிடுக்கு எதுவும் இல்லாமல், நேருக்கு நேராக, அவள் வாய் மெல்லுகிற வேகத்தை. அவள் ரொட்டியும் பயறும் கறியுமாகச் சேர்த்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள், மென்றாள், விழுங்கினாள்.

"உப்பு குறைச்சல்" என்றாள்.



"தெரியும்" என்றாள் யாம்னா. "நாளைக்கு நீங்க சமைக்கும்போது நானும் இங்கே உட்கார்ந்து ஏதாவது குறை சொல்றேன். இன்னைக்கு வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க."

முதலில் சிரித்தது தூதா. தையல் வலித்ததால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், குழந்தை விழித்துக்கொண்டது, யாரோ அதை வாங்கிக்கொண்டார்கள். கை காலியானதும் அவள் தாம்பாளத்தை நோக்கி நகர்ந்து உட்கார்ந்து, அம்மாவின் தோளில் தோள் இடிக்க, தன் பங்குத் தொடையைப் பிய்த்தாள். இத்தோ நகர்ந்து இடம் விட்டாள். எழுந்து யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. தாம்பாளத்தின் தன் பக்கம் தீர்ந்ததும், "இங்கே இன்னும் கொஞ்சம் தள்ளு" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.